பேர் எடுத்த முட்டு

அவனைப் பற்றிச் சொல்வதென்றால் காதுகளில்தான் தொடங்க வேண்டும். இடியப்பம் பிழியும்போது உரலில் இருந்து தவறி விழுந்த மாவை யாரோ எடுத்துத் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டதுபோல இருக்கும். மடிப்பு இல்லை. துவாரம் எங்கே என்று தேட வேண்டும். றக்பியில் முன்வரிசையில் நின்று, தலையோடு தலை உரசித் தள்ளுகிறவர்களுக்குக் காது அப்படித்தான் ஆகிவிடுமாம்.

“பிறக்கேக்கை என்ன வடிவான காது அண்ணை,” என்று அவனுடைய தாய் என்னிடம் குறைப்படுவார். “நல்லெண்ணெய் பூசி நான்தான் நீவி விட்டனான். இப்ப பாருங்கோ.”

“அம்மா, டொக்டர்மார் சர்டிபிக்கேட்டைச் சுவரிலை கொழுவியிருக்கினம். நான் தலையிலை கொழுவியிருக்கிறன்,” என்பான் அவன்.

நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள ஹவுகன்ஸ்டுவாவில் ஒரே படிக்கட்டில் எங்கள் வீடுகள் இருந்தன. அவர்கள் கீழே, நான் மூன்றாம் மாடியில். தகப்பன் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். நான் சுரங்க ரயில் பெட்டிகள் கழுவும் வேலை செய்கிறேன். எனக்கும் பேச்சு வராது. ஆகவே அந்தப் படிக்கட்டில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசியது அவனுடைய தாய். அவன் இங்கேயே பிறந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் உறவுமுறையில் அவனுக்கு அதிகம் வித்தியாசம் இல்லை. வயது வந்த தமிழ் ஆண்கள் எல்லோரும் மாமாதான். நான் மாமா, கடைக்காரர் மாமா, கோயில் ஐயரையும் ஒருமுறை மாமா என்று கூப்பிட்டுத் தாயிடம் கிள்ளு வாங்கியிருக்கிறான்.

அவனிடம் ஒரு குணம் இருந்தது. எது சாய்ந்தாலும் தோளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். யோசிக்க மாட்டான், கேட்கவும் மாட்டான். இரண்டாம் மாடி நோர்வேக்காரக் கிழவியின் அலுமாரி படிக்கட்டில் சிக்கியபோது, கொண்டுவந்த இரண்டு வேலைக்காரரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நின்றார்கள். இவன் கடைக்குப் போகிற வழியில் அதன் கீழே குனிந்தான், நிமிர்ந்தான், மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். பனியில் புதைந்த கார்கள் எத்தனையோ அவன் தோளில் வெளியே வந்திருக்கின்றன. என்னுடையதும்தான்.

ஒருமுறை பக்கத்து ஸ்டோவ்னரில் தமிழர் விளையாட்டுப் போட்டி. பரிசு கொடுக்கிற நேரம் பார்த்துக் காற்று அடித்துக் கூடாரத்தின் ஒரு கால் கழன்றது. இவன் ஓடிப்போய்ப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான். தலைவர் பேச ஆரம்பித்தார். நன்றி சொன்னார், வரலாறு சொன்னார், மறுபடி நன்றிக்கு வந்தார். நான் மெதுவாகப் பக்கத்தில் போய், “தம்பி, கை நோகுதோ?” என்று கேட்டேன்.

“கை ஒண்டும் இல்லை மாமா,” என்றான். “காதுதான் நோகுது.”

உதைபந்தாட்டத்தில் அவனைச் சேர்க்கவில்லை. மெதுவாக ஓடுகிறான், பாரமாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் யாரோ றக்பிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்த பயிற்சியாளர் அவனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாராம், மாடு வாங்குகிறவர் பார்ப்பதுபோல. பிறகு, “இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய்?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வியைத் தன்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்று அவன் எனக்குச் சொன்னான்.

சில வருடங்களில் பிரான்சின் தெற்கே ஒரு சின்ன ஊர்க் கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. “மாமா, நான் புரொபெஷனல் ஆகிட்டன்,” என்று படிக்கட்டில் நின்று சொன்னான். தாய் அதை அப்படியே ஊருக்குச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் டொக்டர், எஞ்சினியர் பக்கம்தான் போகும்.

“எங்கடை மகன் புரொபெஷனல் ஆகிட்டான்.”

“அட, சந்தோசம். எந்த லைனிலை?”

“முன் லைனிலை.”

கேட்டவர்கள் ஏதோ புதுப் படிப்பு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த முன்வரிசையில் மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் நிற்கிறவனை இரண்டு பக்கமும் தாங்குகிறவர்களில் இவன் ஒருவன். எதிரே அதேபோல் மூன்று பேர். இரண்டு அணியும் குனிந்து, தோளோடு தோள் பொருத்தித் தள்ளும். அதற்கு ஸ்க்ரம் என்று பேர். பின்னாலிருந்து ஐந்து பேரின் பாரம் இவர்கள் முதுகில் வரும். இவன் சரிந்தால் எல்லாம் சரிந்துவிடும். இதைத் தாய்க்கு விளங்கப்படுத்த ஒருநாள் சமையலறையில் நாற்காலிகளை எல்லாம் சாய்த்து வைத்துப் பார்த்தான். அவருக்கு விளங்கவில்லை. கடைசியில், “அம்மா, குலை போட்ட வாழை சரியேக்கை ஒரு தடி குடுப்பினம் எண்டு சொல்லுவியளெல்லோ, அதுக்கு என்ன பேர்?” என்று கேட்டான்.

“முட்டு.”

“ஓம். அதுதான் நான். அந்த இடத்துக்கு இங்கிலீசிலையும் அதுதான் பேர், புரொப் எண்டு.”

தாய்க்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. மகனுடைய வேலை என்னவென்று முதல்முறையாகத் தமிழில் கையில் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து, “மகன் முட்டு” என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் மூச்சிழுப்புக்கும், அதாவது ஆஸ்துமாவுக்கும், முட்டு என்றுதான் சொல்வார்கள். அது அந்த நேரம் அவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

எங்கள் மாடியில் தமிழ்நாட்டில் இருந்து வந்த கணினிக்காரப் பையன் ஒருவர் இருந்தார். இவன் பிரான்சில் என்ன செய்கிறான் என்று அவர் கேட்க, தாய் பெருமையோடு, “முட்டுக் குடுக்கிறவன். அதுக்குச் சம்பளம்,” என்றார்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்னங்கம்மா சொல்றீங்க? முட்டு குடுக்குறதுக்குச் சம்பளமா? எங்க ஊர்ல அவனவன் ராப்பகலா ஃபோன்ல உக்காந்து சும்மாவே குடுத்துக்கிட்டிருக்கான்!”

தங்கள் தலைவர் என்ன செய்தாலும் அது சரிதான் என்று வாதாடுவதை அங்கே அப்படிச் சொல்வார்களாம். அதற்குப் பிறகு அவன் லீவில் வரும்போதெல்லாம் அவர், “என்ன பாஸ், இந்த வருஷம் யாருக்கு முட்டு?” என்று கேட்பார். அவனும், “கூடச் சம்பளம் தாறவைக்கு,” என்பான்.

பிரான்சில் அவனோடு முன்வரிசையில் நின்றவர்களில் ஒருவன் ஜோர்ஜியா நாட்டுக்காரன், மற்றவன் பசிபிக் தீவு ஒன்றில் இருந்து வந்தவன். மூவருக்கும் பொதுவான பாஷை இல்லை. “தோளாலை கதைப்பம் மாமா. அவன் கொஞ்சம் அமத்தினா ‘பொறு’. கூட அமத்தினா ‘இப்ப’.” எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உலகத்தில் அப்படியும் ஒரு வேலை இருக்கிறதே என்று நினைத்தேன்.

நோர்வேயில் இருந்து வந்தவன் என்பதால் அந்த ஊர்ச் சனங்கள் அவனுக்கு, பழைய நோர்வேக் கடலோடிகளின் பேரில், வைகிங் என்று பேர் வைத்துவிட்டார்கள். கொம்பு வைத்த தொப்பிகளோடு வந்து கத்துவார்களாம். கறுத்த வைகிங்கைக் கண்டு ஆரம்பத்தில் எதிரணிக்காரர் கொஞ்சம் குழம்புவார்கள், அந்த நேரத்துக்குள் நாங்கள் தள்ளிவிடுவோம் என்று சொல்லிச் சிரித்தான். ஒரு கோடை காலம் தோள் எலும்பு விலகி, கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். ஒப்பந்தம் நீட்டுவார்களா என்று தெரியாத நேரம். முகத்தில் அதைக் காட்டவில்லை. நான் சாமான் பைகளோடு வந்தபோது மட்டும், கை இல்லாவிட்டால் என்ன என்று முதுகைக் கொடுத்து வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஒப்பந்தம் நீட்டினார்கள்.

எங்கள் ஆட்கள் கேட்பது ஒரே கேள்விதான். “எத்தினை கோல் அடிச்சனீர்?”

“ஒண்டும் இல்லை மாமா.”

“இந்த வருசமோ?”

“இல்லை. இதுவரைக்கும்.”

கேட்டவர் இரக்கத்தோடு அவன் முதுகைத் தட்டுவார். முதுகு அசையாது, அவர் கைதான் நோகும்.

அந்த லீவுகளில் வேறொன்றும் நடந்தது. கோயிலில் காணும் பெண்கள் தாயிடம் பொட்டலங்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். “பிள்ளைக்கு அவிச்சுக் குடுங்கோ.” ஆடாதோடை இலை, தூதுவளைப் பொடி. ஒருவர் சாடியோடு கற்பூரவள்ளிச் செடியே கொண்டுவந்து வைத்தார். விளையாட்டுக்காரனுக்கு உடம்பு தேற வேண்டும் என்று அன்பாகத் தருகிறார்கள் என்று தாய் நினைத்தார். அவிக்கிற வாசம் மூன்றாம் மாடிவரை வரும். அவன் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் குடிப்பான். “எப்பிடியடா குடிக்கிறாய்?” என்று கேட்டேன். “அந்த மாமி ட்ரெயின் ஏறி வந்து தந்தவ. குடிக்காட்டிப் பாவமெல்லோ?” என்றான். எனக்குத் தெரிந்து அவன் கழுத்தில் ஏறிய பாரங்களில் அந்தக் கசாயம்தான் பெரியது.

அவனுடைய ஒப்பந்தத்தில் இன்னும் சில வருடங்கள் மிச்சம் இருந்த காலம் அது. ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திராமனில் ஒரு பெண்பிள்ளையை விரும்பினான். நண்பனின் கலியாண வீட்டில் பழக்கம். அவளும் இங்கேயே பிறந்தவள், மருத்துவத் தாதியாக வேலை செய்தாள். அவளுக்கு முழுச் சம்மதம். தகப்பன் ஓம் என்றால் மட்டும்தான் கலியாணம் என்று சொல்லிவிட்டாள். தாய் இல்லாமல் வளர்த்தவர் அவர். அவன் அதைக் கேட்டு, “அது சரிதானே,” என்றான். அந்த லீவில் அவன் சாப்பாடு குறைந்தது. அப்படியொரு காரியம் நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒருநாள் பின்னேரம் அவர்கள் வீட்டில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தாய் மா குழைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. கையெல்லாம் மா. முழங்கையால் அமத்தி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“தங்கச்சி, நான் திராமனிலை இருந்து. பிள்ளையின்ரை தகப்பன். நேரடியாக் கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. உங்கடை மகனுக்கு முட்டு எண்டு கேள்விப்பட்டன்.”

“ஓம், ஓம்!” தாயின் முகம் மலர்ந்தது. “சும்மா முட்டில்லை, பிரான்சிலையே பேர் எடுத்த முட்டு!”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து அவர் உட்காருவது கேட்டது.

“எப்ப தொடங்கினது?”

“பள்ளிக்கூடத்திலையே தொடங்கிட்டுது. எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் இல்லை. இவன்தான் முதல் ஆள்.”

“மருந்து ஏதும் பாவிக்கிறவரோ?”

“மருந்தோ! மருந்தைத் தொட்டாத் துலைஞ்சுது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து மூத்திரம் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிப்பாங்கள்.”

“கடவுளே. குளிருக்குக் கூடுமே?”

“குளிரிலைதான் அவன் திறம்.”

“இது இனி மாறாதோ தங்கச்சி?”

“ஏன் மாறவேணும்? கழுத்து நிக்குமட்டும் இதுதான் எண்டு சொல்லிப்போட்டான்.”

மருந்து என்ற இடத்திலேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது. கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அவர் இன்னும் சீனி வேண்டும் என்கிறேன் என்று நினைத்துச் சீனிப் போத்தலைத் தள்ளிவிட்டார். தொலைபேசியில் அந்த மனிதர் சொன்னார். “எனக்கும் முட்டு, தங்கச்சி. சின்ன வயசிலை இருந்து. எனக்குப் பக்கத்திலை நித்திரையில்லாமல் இருந்து என்ரை மனிசி பட்ட பாடு எனக்குத் தெரியும். என்ரை பிள்ளைக்கு அது வேண்டாம். மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

வைத்துவிட்டார்.

“மனிசியோ? அவருக்கும் முட்டோ? அவரும் விளையாடினவரோ?” என்று தாய் என்னைக் கேட்டார்.

“இது இழுக்கிற முட்டு,” என்றேன் நான்.

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கற்பூரவள்ளிச் சாடி நன்றாகச் செழித்து நின்றது.

தாய் திரும்ப எடுத்து விளங்கப்படுத்தினார். திராமன்காரர் நம்பவில்லை. மகள் விளங்கப்படுத்தினாள். விரும்பின பிள்ளை எதையும் மறைக்கும் என்று அவர் நினைத்தார். ஊரெல்லாம் சேர்ந்து கசாயம் கொடுக்கிறது, வருத்தம் இல்லையாம்! கடைசியில் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தார். “பெடியன் ஓடட்டும். நான் கிட்ட நிண்டு மூச்சைக் கேக்கிறன். எனக்குத் தெரியாத முட்டில்லை.”

பிரான்சில் பருவம் முடிந்து அவன் வந்திருந்தான். பழைய ஒஸ்லோக் கழகத்துக்காகச் சுவீடன் அணியொன்றோடு ஒரு சிநேக ஆட்டம் இருந்தது. திராமன்காரரை ரயிலில் இருந்து இறக்கி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டுபோவது என் பொறுப்பு. “நீங்கள் பக்கத்திலை நிண்டால் காணும் அண்ணை, கதைக்கத் தேவையில்லை,” என்று தாய் சொன்னதால்தான் ஒத்துக்கொண்டேன். தான் வந்தால் வாய் சும்மா இருக்காது என்று அவர் வீட்டிலேயே நின்றுவிட்டார். மகளையும் தகப்பன் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஒல்லியான மனிதர், வைகாசி மாதத்திலும் கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டியிருந்தார். மூச்சிழுப்புக்காரருக்கு ஆகாத, பேர்ச் மரங்களின் பூந்தூள் பறக்கிற நாட்கள் அவை.

எல்லைக் கோட்டோடு ஒட்டி நின்றோம். முதல் ஸ்க்ரம் எங்களுக்கு முன்னால்தான் விழுந்தது. இரண்டு பக்கமும் குனிந்து பொருந்தியபோது ‘தொம்’ என்று ஒரு சத்தம். குளிர்காற்றில் அந்தக் குவியலில் இருந்து ஆவி எழும்பியது.

“புகையுது!” என்றார் அவர்.

“ஓம்,” என்றேன்.

ஸ்க்ரம் கலைந்தது. அவன் முழங்காலில் கை ஊன்றி நின்று இரைத்தான். அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

“மூச்சு வாங்குது.”

“எல்லாருக்கும் வாங்குது அண்ணை.”

“அது வேறை. நான் பாக்கிறது, உள்ளுக்கை விசில் கேக்குதோ எண்டு.”

உடனே விசில் கேட்டது. அவர் திடுக்கிட்டார். ஊதியது நடுவர்.

இடைவேளைக்குப் பிறகு அவர் மூச்சைக் கவனிப்பதை மறந்துவிட்டார். “தள்ளு! தள்ளு தம்பி!” என்று கத்தத் தொடங்கினார். முடியும் நேரத்தில் பந்து எப்படியோ எங்கள் ஆளின் கைக்கு வந்தது. எதிரே ஒருவரும் இல்லை. கோடு கிட்டத்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவன் புள்ளி எடுக்கப்போகிறான். “ஓடு! ஓடு!” என்று அவர் துள்ளினார். நானும் கத்தினேன் என்று பிறகு அவர் சொன்னார், எனக்கு நினைவில்லை. அவன் ஓடினான், இன்னும் கொஞ்சம் ஓடினான், பிறகு திரும்பிப் பார்த்து, பின்னால் வந்த ஒல்லி நோர்வேக்காரனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டான். அந்த ஒல்லிக்காரன் அதைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்தான்.

“ஐயோ, ஏன் குடுத்தவர்!” என்று கத்திய சத்தம் பாதியில் நின்றது. அவருக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. கோட்டுப் பைகளில் மருந்துப் பம்பைத் தேடினார். நான் ஒரு பையில் தேட, அவர் அதே பையில் தேட, இருவரும் ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஆட்டம் முடிந்த விசிலோடு அவன் எங்களைக் கண்டான். அணியோடு சேர்ந்து துள்ளப் போகவில்லை, நேரே வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து அவர் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்தான். அவர் பாரம் முழுவதும் அவன்மேல் சாய்ந்தது. சேறும் வேர்வையுமாக அசையாமல் நின்றான். கை சும்மா ஆனபிறகு அவருக்குப் பம்ப் கிடைத்தது. உள்ளே இழுத்தார். மறுபடி இழுத்தார்.

மெதுவாக நிறம் வந்தது. ஆனாலும் அவர் நிமிரவில்லை. காது அவன் நெஞ்சில் பதிந்திருந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில்கூட ஒருவர் அவ்வளவு கவனமாக நின்று நான் பார்த்ததில்லை.

“உமக்கு முட்டில்லை,” என்றார் கடைசியில்.

“இல்லை மாமா. நான்தான் முட்டு.”

சொன்னபிறகுதான் அவனுக்கு உறைத்தது. காரியம் முடியும்வரை அங்கிள் என்று கூப்பிடு, மாமா என்று வாய் தவறிவிடாதே என்று பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“எந்த மாமா?” என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஊரிலை எல்லாருக்கும் சொல்லுற மாமாவோ, இல்லாட்டி...”

“நீங்கள் எதைச் சொல்லுறியளோ, அது.”

அவர் பம்பைப் பையில் வைத்தார். கம்பளியைச் சரிசெய்தார். “அது இருக்கட்டும். கோட்டுக்குக் கிட்ட வந்தும் ஏன் பந்தைக் குடுத்தனீர்?”

அவன் தலையைச் சொறிந்தான். வேறு யாராவது என்றால் ஏதாவது பெரிய விஷயம் சொல்லியிருப்பார்கள். “எனக்கு மூச்சு வாங்கினது மாமா,” என்றான்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, திரும்பவும் பம்பை எடுத்து, எடுத்த கையாலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கார் வரைக்கும் அந்தத் தோளை விடவில்லை.

கலியாணம் முடிந்து அவர்கள் இருவரும் இப்போது பிரான்சில். கழுத்து போதும் என்று சொல்லிவிட்டதால் அவன் விளையாடுவதில்லை. அதே கழகத்தில் பிள்ளைகளுக்கு எப்படிக் குனிவது, எப்படித் தாங்குவது என்று காட்டிக்கொடுக்கிறான். கடைசிவரை ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அவனை நான் கண்டு பல வருடம் ஆகிறது.

திராமன்காரரைத்தான் கோயிலில் அடிக்கடி காண்கிறேன். “மருமகன் முட்டு” என்று அவரும் எல்லோருக்கும் சொல்கிறார், விளக்கம் சொல்லாமல். பெண்கள் இரக்கப்பட்டுப் பொட்டலம் கொண்டுவருகிறார்கள். வாங்கிக்கொண்டுபோய்த் தானே அவித்துக் குடிக்கிறாராம். நல்ல சுகம் என்கிறார்.

போன கிழமையும் ஒருவர் கேட்டார். “மருமகனுக்கு இப்ப எப்பிடி அண்ணை?”

“அது மாறாது,” என்றார் அவர், பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு.